நகையை அடகு வைத்துப் படம் எடுக்கலாமா?



சென்ற மாதம் நமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று நான்கு பக்கம் நீண்டது. எழுதியவர் ஒரு தகப்பனார். தம் பெயரையோ பங்கையோ குறிப்பிட வேண்டாம் எனக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அவருடைய மூத்த மகன் பட்டப் படிப்பை முடித்துவிட்டு, திருமண வீடுகளில் வீடியோ எடுக்கும் ஒருவரிடம் ஈராண்டாக வேலை பார்க்கிறான். மாதந்தவறாமல் வீட்டுக்குப் பணமும் கொடுக்கிறான். இப்போது அவனுக்கு ஓர் எண்ணம். எந்தத் தயாரிப்பாளரின் வாசலிலும் போய் நிற்காமல், நண்பர்கள் நால்வரோடு சேர்ந்து தானே ஒரு முழுநீளத் திரைப்படம் எடுக்க வேண்டுமாம். அதற்காக வேலையை விட்டுவிடப் போகிறானாம். தங்கையின் திருமணத்துக்கென ஒதுக்கி வைத்த அரை ஏக்கர் நிலத்தை விற்றுத் தரும்படி கேட்கிறானாம். "சுவாமி, அவன் கெட்ட பிள்ளை இல்லை. பீடி சிகரெட் கூடக் கிடையாது. ஆனால் இது பித்தா, ஆண்டவர் கொடுத்த வரமா என்று எனக்கு விளங்கவில்லை. அவன் அம்மா மூன்று வாரமாக அவனோடு பேசவில்லை. தாங்கள் சொன்னால் கேட்பான்" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

நாம் சொன்னால் அவன் கேட்பான் என்பதில் நமக்கு அத்துணை நம்பிக்கை இல்லை. இருபத்து நான்கு வயதில் யார் சொல்லை யார் கேட்டார்கள்! ஆயினும் கேள்வி நல்ல கேள்வி. இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதும் அன்று. கையடக்கச் செல்பேசியிலேயே படம்பிடிக்கும் கருவி வந்துவிட்ட இந்நாளில், பங்குக்கு இரண்டு இளைஞராவது இதே கனவோடு நடமாடுகின்றனர். எனவே இம்மாதம் இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதுவோம்.

சினிமா என்றாலே பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டிய சங்கதி என்று நம் பாட்டிமார் எண்ணிய காலம் ஒன்று இருந்தது. ஆனால் அகில உலகக் கத்தோலிக்கத் திரைப்பட அமைப்பு 1928 ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. உலகத் திரைப்பட விழாக்களில் நடுவர் குழு அமைத்து, நல்ல படங்களுக்குப் பரிசளிப்பதையும் அது தன் பணியாகக் கொண்டிருந்தது. ஆகவே, 'சினிமாவா? சிவ சிவா!' என்று காதைப் பொத்திக்கொள்வது நமக்கு விடையாகாது. நாம் கேட்க வேண்டியது வேறு: இந்தக் கலையை ஒருவன் எவ்வாறு கற்கிறான்? கற்கும் காலத்தில் அவன் குடும்பம் எதைத் தின்னும்? யாருடைய பொருளை வைத்து அவன் பந்தயம் கட்டுகிறான்?

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக் கொள்வோம். பெரிய நிறுவனத்தின் முதலீடும், பெயர்பெற்ற நடிகரின் கால்ஷீட்டும், விநியோகஸ்தர் முன்கூட்டியே தரும் பணமும் இன்றி, எடுப்பவர் தாமே பொறுப்பேற்று எடுக்கும் படத்தைச் 'சுயாதீனத் திரைப்படம்' என்கின்றனர். பெயரில் சுதந்திரம் இருக்கிறது. உண்மையில், முதலாளி ஒருவருக்குப் பதிலாக ஐம்பது பேருக்குக் கடன்பட்டவன்தான் சுயாதீனக் கலைஞன். இதை விளக்க, கடிதம் எழுதிய தகப்பனாரின் வீட்டில் இன்று நடப்பது போன்றே எழுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டில் நடந்த கதையைச் சொல்வோம். அந்த வீடு இருந்தது கல்கத்தாவில்.

சத்யஜித் ராய் என்ற பெயரைக் கேள்விப்படாதவர் குறைவு. அவர் எடுத்த முதற்படமான 'பதேர் பாஞ்சாலி'யின் பெயரையும் பலர் கேட்டிருக்கக் கூடும். 'ஒன்றும் தெரியாத ஓர் ஏழை இளைஞர், மனைவியின் நகையை அடகு வைத்து ஒரு படம் எடுத்தார், உலகப் புகழ் பெற்றார்' என்று அந்தக் கதையை இளைஞர்கள் சுருக்கிச் சொல்கின்றனர். நகை அடகுக்குப் போனது மெய்யே. 'ஒன்றும் தெரியாத' என்பதுதான் பொய்.

ராய் பிறந்தது 1921 இல். இரண்டரை வயதில் தந்தையை இழந்தார், தாயே வளர்த்தார். பொருளாதாரம் படித்தார், பிறகு சாந்திநிகேதனில் ஓவியம் பயின்றார். 1943 இல் கல்கத்தாவிலிருந்த ஓர் ஆங்கிலேய விளம்பர நிறுவனத்தில் 80 ரூபாய் சம்பளத்தில் ஓவியராகச் சேர்ந்தார். அதோடு ஒரு புத்தகப் பதிப்பகத்துக்கு அட்டைப் படமும் உட்படங்களும் வரைந்து வந்தார். விபூதிபூஷண் பந்தோபாத்யாய 1929 இல் நூலாக வெளியிட்ட 'பதேர் பாஞ்சாலி' நாவலைச் சிறுவர்க்காகச் சுருக்கி அப்பதிப்பகம் அச்சிட்டபோது, அதற்குப் படம் வரையும் வேலை ராயிடம் வந்தது. இக்கதையைத் திரைப்படமாக்கலாமே என்ற வித்து விழுந்தது அங்கேதான். வித்து விழுந்ததற்கும் படம் திரைக்கு வந்ததற்கும் இடையே பத்தாண்டு உருண்டோடியது. அந்தப் பத்தாண்டும் அவர் சும்மா காத்திருக்கவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

1947 இல் நண்பர்களோடு சேர்ந்து கல்கத்தா திரைப்படச் சங்கத்தைத் தொடங்கினார். வெளிநாட்டுப் படங்களை வரவழைத்துப் பார்ப்பதும், பார்த்தபின் இரவு நெடுநேரம் அதைப் பற்றி வாதிடுவதும் அச்சங்கத்தின் வேலை. ஏதேனும் ஒரு நாவல் படமாகப் போகிறது என்று செய்தி வந்தால், தாமே அதற்கொரு திரைக்கதை எழுதிப் பார்ப்பார். படம் வந்தபின் தம்முடையதோடு ஒப்பிட்டு நோக்குவார். ஆசிரியர் இல்லாத பள்ளியில் மாணவன் தனக்குத் தானே பரீட்சை வைத்துக்கொள்வது போன்றது இது. 1949 இல் ஜான் ரெனுவார் என்னும் பெரும் பிரெஞ்சு இயக்குநர் தம்முடைய 'நதி' என்ற படத்துக்கு இடம் பார்க்கக் கல்கத்தா வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு வழிகாட்டியாகச் சென்றார் ராய். அடுத்த ஆண்டு அவருடைய அலுவலகமே அவரை இலண்டனுக்கு அனுப்பியது. ஆறு மாதமளவில் அங்கிருந்த காலத்தில் ஏறத்தாழ நூறு படங்கள் பார்த்தார். அவற்றுள் ஒன்று, இத்தாலிய இயக்குநர் விட்டோரியோ டி சிக்கா 1948 இல் எடுத்த 'சைக்கிள் திருடர்கள்'. அதில் தலைமை வேடம் ஏற்றவர் ஓர் ஆலைத் தொழிலாளி. படம்பிடித்த இடம் உரோமை நகரின் தெருக்கள். அரங்கமும் அலங்காரமும் நட்சத்திர நடிகரும் இல்லாமலே மனத்தை உலுக்கும் படம் எடுக்க முடியும் என்ற துணிவு அவருக்கு அங்கே பிறந்தது. திரும்பி வரும் கப்பலிலேயே தம் படத்துக்குக் குறிப்பெழுதத் தொடங்கினார்.

ஊர் வந்ததும், காட்சிகளை ஒவ்வொன்றாகச் சித்திரமாக வரைந்து தயாரிப்பாளர்களிடம் காட்டினார். பாட்டு இல்லை, நடனம் இல்லை, பெயர்பெற்ற நடிகர் இல்லை. யாரும் முன்வரவில்லை. பிறகுதான் சொந்தப் பணத்தில் சிறிதளவு எடுத்துக்காட்டி மற்றவர் நம்பிக்கையைப் பெறலாம் என்று முடிவு செய்தார். ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தின் பேரிலும் உறவினரிடத்தும் கடன் வாங்கினார். ஆனால் வேலையை விட்டாரா? விடவில்லை. 1952 அக்டோபர் 27 ஆம் நாள் முதற்காட்சி படமானது. பிறகும் விடுமுறை நாட்களில்தான் படப்பிடிப்பு. மற்ற நாட்களில் அலுவலகம்.

அந்த முதற்காட்சியின் கதை சுவையானது. நாணற்பூக்கள் வெள்ளை வெளேரென்று பூத்துக் கிடந்த வெளியில் அக்காளும் தம்பியும் ஓடிவந்து இரயிலைக் காண வேண்டும். ஒரு நாள் பாதிக் காட்சியை எடுத்துவிட்டு, மீதியை எடுக்க அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால் பூக்களைக் காணோம்! மாடுகள் மேய்ந்து தீர்த்துவிட்டன. மறுபடியும் பூக்கும் பருவம் வரும்வரை காத்திருந்து அக்காட்சியை முடித்தனர். கையில் சம்பளம் இருந்தவர் காத்திருந்தார். நிலத்தை விற்று, வட்டிக்கும் வாங்கி, 'முப்பது நாளில் முடிக்க வேண்டும்' என்று இறங்கியவர் காத்திருக்க முடியுமா? வாடிப்போன புல்லில் எடுத்து முடித்திருப்பார். பொறுமை என்ற புண்ணியத்துக்கும் மாதச் சம்பளத்துக்கும் உள்ள உறவை இவ்வளவு தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறொன்று நாம் அறியோம்.

பணம் தீர்ந்தது. தம் ஓவிய நூல்களையும் இசைத்தட்டுகளையும் விற்றார். அதுவும் தீர்ந்தது. அப்போதுதான் மனைவி பிஜோயாவின் நகைகள் அடகுக்குப் போயின. அந்த அம்மையார் இசைந்தே கொடுத்தார் என்பதை அழுத்திச் சொல்கிறோம். அவர் நகை அவருடையது; கொடுக்கவும் மறுக்கவும் அவருக்கு உரிமை இருந்தது. அதுவும் கரைந்து, மாதக்கணக்கில் வேலை நின்றது. படத்தில் கிழவியாக நடித்த சுனிபாலா தேவி எண்பதை நெருங்கியவர். அவருக்கு ஏதும் நேர்ந்துவிடுமோ, சிறுவனின் குரல் உடைந்துவிடுமோ, சிறுமி வளர்ந்துவிடுவாளோ என்று இயக்குநர் நாளெல்லாம் அஞ்சிக்கொண்டிருந்தார். மூன்றும் நேராமற்போனது அதிசயம் என்று பிற்காலத்தில் எழுதினார்.

முடிவில் உதவி வந்தது எதிர்பாராத திசையிலிருந்து. ராயின் தாயாருக்குத் தெரிந்த ஒருவர் வழியாக, அந்நாளைய மேற்கு வங்க முதலமைச்சர் பி. சி. ராயிடம் செய்தி எட்டியது. மகனின் படத்துக்குக் கதவைத் திறந்தது தாயின் அறிமுகம்! அரசு பணம் கொடுத்தது. 'பதேர்' என்ற சொல்லுக்குப் 'பாதையின்' என்று பொருள் ஆகையால், சாலை மேம்பாட்டுக் கணக்கில் எழுதிக் கொடுத்தார்கள் என்பர். நியூயார்க் நகரின் நவீனக் கலைக் காட்சியகத்தைச் சேர்ந்த மன்றோ வீலர் என்பவர் 1954 இல் கல்கத்தா வந்தபோது சில நிழற்படங்களைக் கண்டு, தம் காட்சியகத்துக்குப் படத்தை அனுப்புமாறு கேட்டார். இரவி சங்கர் ஒரே இரவில், ஏறத்தாழ 11 மணி நேரத்தில், இசையமைத்து முடித்தார். 1955 மே 3 ஆம் நாள் நியூயார்க்கில் முதற்காட்சி. ஆகஸ்ட் 26 இல் கல்கத்தாவில் வெளியீடு. முதலில் கூட்டமில்லை, ஓரிரு வாரத்தில் அரங்கம் நிறைந்தது. 1956 இல் கான் திரைப்பட விழாவில் 'சிறந்த மனித ஆவணம்' என்ற விருது கிட்டியது. மேலே நாம் குறிப்பிட்ட கத்தோலிக்கத் திரைப்பட அமைப்பின் நடுவர்களும் அதே விழாவில் அப்படத்துக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கினர். சுனிபாலா அம்மையார் அந்த ஆகஸ்டைக் காணாமலே கண்மூடினார். ஆயினும் படத்தை முன்னதாகவே அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டியிருந்தார் ராய். இந்தச் செயல் ஒன்றுக்காகவே அவரை நாம் மதிக்கிறோம்.

முழுநேரத் திரைப்படக் கலைஞராக ராய் மாறியது இவ்வளவுக்கும் பிறகுதான். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து முதற்காட்சி வரை ஒன்பது ஆண்டு. முதற்காட்சியிலிருந்து வெளியீடு வரை இன்னும் ஏறத்தாழ மூன்று ஆண்டு. மொத்தம் பன்னிரண்டு. நம் குருமடத்துப் பயிற்சியைவிட நீண்ட பயிற்சி!

அவரோடு நின்றவர்களும் இப்படியே கற்றவர்கள். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். திரைப்படக் கருவியை அதற்குமுன் இயக்கியதே இல்லை. ஆனால் ரெனுவாரின் படப்பிடிப்பை நாள்தோறும் சென்று கண்ணால் பார்த்து, விளக்குகள் எங்கே வைக்கப்பட்டன என்று குறித்துக்கொண்டவர். அடுத்த படத்தில், காசி நகரத்து வீட்டு முற்றத்தை அரங்கத்துக்குள் அமைத்தபோது, மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, அதன்மேல் விளக்கொளியைப் பாய்ச்சித் திருப்பி, நிழல் விழாத வானத்து வெளிச்சத்தை உண்டாக்கினார். விலையுயர்ந்த கருவியாலன்று, துணியாலும் கூர்ந்த பார்வையாலும் நிகழ்ந்த சாதனை அது.

இதற்கு மாறாக அமெரிக்க நாட்டிலிருந்து ஒரு கதை அடிக்கடி சொல்லப்படுகிறது. இராபர்ட் ரோட்ரிகஸ் என்ற இளைஞர், 7,000 டாலரளவில் 'எல் மரியாச்சி' என்ற படத்தை எடுத்து 1992 இல் புகழ்பெற்றார். புது மருந்துகளைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வு நிலையத்தில் தம் உடலையே ஒப்புக்கொடுத்து அப்பணத்தில் ஒரு பகுதியை ஈட்டினார். இது வீரமா, விபரீதமா? எவருக்கும் இதை நாம் பரிந்துரைக்க மாட்டோம். மேலும், அந்த 7,000 டாலர் என்பது படச்சுருளில் எடுத்து முடித்த செலவு மட்டுமே. அதைத் திரையரங்குக்கு ஏற்றதாக்கி, உலகெங்கும் விளம்பரப்படுத்த, வாங்கிய பெருநிறுவனம் அதைப்போல் பன்மடங்கு செலவிட்டது. சொல்லப்படும் தொகை ஒன்று. படம் மக்களைச் சென்றடைய ஆகும் தொகை வேறு. கணக்குப் பார்க்கும் தகப்பன்மார் இதை நினைவில் வைப்பது நலம். பையன்கள் முதல் தொகையை மட்டுமே சொல்வார்கள்! ஆயினும் ரோட்ரிகஸிடம் கற்க வேண்டியதும் ஒன்று உண்டு. சிறுவயது முதலே உடன்பிறந்தாரை நடிக்க வைத்துச் சிறு சிறு படங்களாக எடுத்துப் பழகியவர் அவர். இந்தப் படத்தையும் பெரும் வெளியீடாக எண்ணி எடுக்கவில்லை. வீட்டு வீடியோச் சந்தையில் விற்கலாம், தொழிலும் பழகலாம் என்றே எடுத்தார்.

நமக்கு அருகிலுள்ள கேரளத்தைப் பார்ப்போம். ஜான் ஆபிரகாம் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் வேலை பார்த்தவர். அதை விட்டுப் பூனா திரைப்படக் கல்லூரியில் சேர்ந்து தேர்ந்தார். 1977 இல் தமிழில் அவர் எடுத்த 'அக்கிரகாரத்தில் கழுதை' தேசிய விருது பெற்றது. பிறகு 'ஒடேஸா' என்ற மக்கள் திரைப்பட இயக்கத்தை நண்பரோடு அமைத்து, ஊர் ஊராய்ச் சென்று சார்லி சாப்ளினின் 'தி கிட்' படத்தைக் காட்டி, பொதுமக்கள் தந்த சில்லறைக் காசைத் திரட்டி, 1986 இல் 'அம்ம அறியான்' என்ற படத்தை முடித்தார். யாரிடமும் கைகட்டி நிற்காத படம். ஆயிரமாயிரம் பேருக்குக் கடன்பட்ட படம். அவர் 1987 இல் ஒரு மாடியிலிருந்து தவறி விழுந்து இறந்தார். மேதைதான், ஆனால் தம் உடலையும் நாட்களையும் பேணாதவர். அவருடைய படங்களைப் போற்றும் இளைஞர் பலர், அவருடைய ஒழுங்கின்மையையும் சேர்த்தே போற்றுவது நமக்கு உடன்பாடில்லை.

இக்காலத்துக்கு வருவோம். மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதியைச் சேர்ந்தவர் இயக்குநர் பி. எஸ். வினோத்ராஜ். சிறுவயதில் தந்தையை இழந்து, பள்ளியை விட்டு, மதுரைப் பூச்சந்தையிலும் பிறகு திருப்பூர் ஆடைத் தொழிலிலும் உழைத்தவர். சென்னை வந்து ஒரு குறுந்தகட்டுக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். கடையில் விற்ற உலகப் படங்களே அவருக்குப் பள்ளிக்கூடம் ஆயின. நாடகக் குழுவிலும் உதவி இயக்குநராகவும் பணியாற்றிப் பழகினார். தம் சகோதரி வாழ்வில் நேர்ந்த ஒரு துயரத்தைக் கருவாகக் கொண்டு, குடிகாரத் தந்தையும் மகனும் வெயிலில் நடக்கும் கதையை, தாம் பிறந்த மண்ணிலேயே படமாக்கினார். 'கூழாங்கல்' என்ற அப்படம் 2021 இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் விழாவில் முதற்பரிசான புலி விருதைப் பெற்றது. அவ்வாண்டு ஆஸ்கர் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டதும் அதுவே. தம் வீட்டுக் கண்ணீரைத் தவிர வேறு கதையைத் தேடி அவர் எங்கும் அலையவில்லை. சேரியையும் களத்துமேட்டையும் அறிந்த நம் பிள்ளைகள், பார்த்தறியாத அடியாட்களையும் துப்பாக்கிகளையும் வைத்துக் கதை செய்வதேன் என்று நமக்கு விளங்குவதில்லை.

கற்க வழிகள் முன்னைவிட இன்று மிகுதி. பூனாவில் 1960 முதலும் கொல்கத்தாவில் 1995 முதலும் நடுவண் அரசின் கல்லூரிகள் இயங்குகின்றன. நுழைவுத் தேர்வு கடினம், ஆனால் நேர்மையான கதவு. சென்னைத் தரமணியில் தமிழக அரசின் திரைப்படக் கல்லூரி உண்டு. சேசு சபையினரின் பணியையும் சொல்லாமல் விடலாகாது. கனடாவிலிருந்து 1961 இல் வங்கம் வந்த காஸ்டன் ரோபெர்ஜ் அடிகளார், ராயின் நண்பராகி, 1970 இல் 'சித்ரபாணி' என்ற பயிற்சி நிலையத்தைக் கல்கத்தாவில் நிறுவி, 2020 இல் மறையும்வரை எத்தனையோ இளைஞருக்குப் படம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். கல்லூரிக்குச் செல்ல இயலாதவர்க்கு உதவி இயக்குநர் வேலை இருக்கிறது. ஆனால் பேட்டாக் காசை எண்ணிக்கொண்டு, சாலிகிராமத்தில் ஆறு பேர் ஓர் அறையில் படுத்து, சில படங்களுக்கு ஊதியமே கிட்டாமல் கழியும் ஆண்டுகள் அவை என்பதையும் மறைக்க மாட்டோம்.

இனி, கடிதம் எழுதிய தகப்பனாருக்கு நம் கருத்து. ஐயா, தங்கள் மகன் பார்க்கும் திருமண வீடியோ வேலையை இழிவாக எண்ண வேண்டாம்; அவனையும் எண்ணவிட வேண்டாம். மங்கிய ஒளியில், மறுமுறை கேட்க முடியாத ஒரு கணத்தைத் தவறாமல் பிடிப்பது எளிதன்று. தாலி கட்டும் நேரத்தில் 'இன்னொரு முறை கட்டுங்கள்' என்று சொல்ல முடியுமா? ராய்க்கு விளம்பர அலுவலகம் எதுவோ, இவனுக்கு அந்த வேலை அது. அதை விடச் சொல்லாதீர்கள். அதோடு, இதுவரை செலவில்லாமல் என்ன செய்திருக்கிறான் என்று கேட்டுப் பாருங்கள். பத்து நிமிடக் குறும்படம் ஒன்றேனும் முடித்திருக்கிறானா? 'முடித்திருக்கிறானா' என்பதே கேள்வி. தொடங்கியவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர். முடித்திருந்தால் அதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பாருங்கள். அவன் தாயாரும் பார்க்கட்டும். பேசாத மூன்று வாரத்தை முறிக்க அதைவிட நல்ல வழி நமக்குத் தோன்றவில்லை. முடிக்கவில்லை என்றால், முதலில் ஒன்றை முடிக்கட்டும். படச்சுருள் அடிக்கணக்கில் விலை போன காலத்தில், எடுப்பதற்குமுன் சிந்தித்தார்கள். இன்று செலவில்லை என்பதால் மணிக்கணக்கில் எடுத்துத் தள்ளிவிட்டு, எதைச் சேர்ப்பது எதை வெட்டுவது என்று தெரியாமல் விழிக்கின்றனர். ஒலிப்பதிவையோ அறவே மறந்துவிடுகின்றனர். படம் சற்று மங்கினால் பார்ப்போர் பொறுப்பர். பேச்சு கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவர்.

நிலத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அது தங்கள் மகனுடையதன்று, தங்கள் மகளுடையது. தம் நகையைத் தாமே தந்த பிஜோயா அம்மையாரை மேற்கோள் காட்டி, கேட்கப்படாத தங்கையின் நிலத்தை விற்க முடியாது. அவளைக் கேட்டாயா என்று அவனிடம் கேளுங்கள். அவன் தன் சம்பளத்தில் சேர்த்ததையும், தன் வண்டியையும், தன் ஞாயிற்றுக்கிழமைகளையும் போடட்டும், தடுக்க வேண்டாம். தாங்களும் மனமுவந்து ஒரு தொகை கொடுக்கலாம். ஆனால் திரும்பி வராவிட்டாலும் வீட்டில் அடுப்பு எரியும் அளவுக்கே அது இருக்கட்டும். 1965 இல் எழுத்தாளர் ஜெயகாந்தன் தம் 'உன்னைப்போல் ஒருவன்' நாவலைத் தாமே படமாக எடுத்தார். தேசிய அளவில் பாராட்டுக் கிடைத்தது, அரங்குகளில் ஓடவில்லை. அவருக்குப் பேனா இருந்தது, பிழைத்துக்கொண்டார்.

நண்பர்கள் நால்வர் என்கிறானே, அவர்களுக்குள் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட வேண்டும். யார் எவ்வளவு போடுகிறார், படம் விற்றால் யாருக்கு எவ்வளவு, விற்காவிட்டால் கடன் யாருடையது, படத்தின் உரிமை யார் பெயரில் என்பனவெல்லாம் முதல் நாளே முத்திரைத்தாளில் ஏறட்டும். 'நட்புக்குள் எதற்குச் சுவாமி காகிதம்?' என்பார்கள். மேற்கு வங்க அரசு பணம் கொடுத்தபோது 'பதேர் பாஞ்சாலி'யின் உரிமையும் அரசுக்கே போயிற்று என்பதை எடுத்துச் சொல்லலாம். பிறர் பாடலை அனுமதியின்றிப் படத்தில் சேர்த்தால் பின்னர் வழக்கு வரும். திரையரங்கில் காட்ட, 1952 ஆம் ஆண்டுச் சட்டப்படி தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். விழாக்களுக்கு அனுப்ப எண்ணினால், ஆர்வக் கோளாறில் படத்தை முன்னதாகவே யூடியூபில் ஏற்றிவிடக் கூடாது. வேறெங்கும் காட்டப்படாத படத்தையே பல விழாக்கள் ஏற்கின்றன.

மற்றப் பங்குகளின் இளைஞருக்கு ஒரு யோசனை. கல்கத்தாவில் அந்த நண்பர்கள் 1947 இல் செய்ததை நம் பங்கு மன்றங்களிலும் செய்யலாம். வெள்ளைத் துணியும் ஓர் ஒளிபெருக்கியும் எந்தப் பங்கிலும் கிடைக்கும். மாதம் ஒருமுறை, காட்டுவதற்கு உரிய அனுமதி பெற்று, ஒரு நல்ல படத்தைப் போடுங்கள். முடிந்ததும் விளக்கைப் போட்டு அரைமணி நேரம் பேசுங்கள்: இந்த இடத்தில் ஏன் அழுதோம், அந்தக் காட்சி ஏன் நீண்டது, அந்தச் சிறுவனை ஏன் தொலைவிலிருந்து காட்டினார்கள் என்று. தாய்மாரையும் அழைத்துக்கொள்ளுங்கள், 'எனக்கென்ன தெரியும்' என்று தொடங்கி, யாரும் காணாத ஒன்றை அவர்களே சொல்வார்கள். முதற்படமாக 'சைக்கிள் திருடர்கள்' பொருந்தும். ஒன்றரை மணி நேரம்தான். ஓர் எச்சரிக்கை மட்டும்: படம் தொடங்கியபின் தேநீர் கொண்டுவர வேண்டாம்.